டிராக்டரைப் பேணும் முறை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுக என்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியச் சுவைபற்றியே பேசுவேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் எடுத்துக்கொண்ட பொருளோ டிராக்டரைத் துடைத்துப் பேணுதல் என்பது. "பண்டிதருக்கும் கிரீசுக்கும் என்ன உறவு?" என்று சிலர் புன்முறுவல் கொள்வதைக் காண்கின்றேன். உழுவார் குடியிற் பிறந்தவனுக்கு உழுபடையின் நலம் அயற்பொருள் ஆகுமா? எங்கள் வீட்டிலும் ஒரு டிராக்டர் உண்டு. பள்ளி விடுமுறை நாட்களில் அதனைத் துடைத்துக் கிரீஸ் அடிப்பது என் வேலை. ஆதலின் ஏட்டிற் கற்றதை மட்டும் ஒப்பியாமல், கையாற் செய்து கண்டவற்றையே சொல்லத் துணிந்தேன்.

திருவள்ளுவர் உழவு என்னும் 104-ஆம் அதிகாரத்தில், உழுதலினும் எருவிடுதல் நன்றென்றும், களையெடுத்தபின் நீர் பாய்ச்சுதலினும் பயிரைக் காத்தல் நன்றென்றும் கருத்தமைத்தார். பயிருக்கு அவர் கூறிய அந்நெறி இன்று நம் உழுபடைக்கும் பொருந்துவதாகும். டிராக்டரை வாங்குதல் எளிது; வங்கியிற் கடன் பெற்று ஒரே நாளில் வாங்கிவிடலாம். அதனைக் காத்தலே அரிது. வாங்கிய வண்டி ஒரு குடும்பத்தை உயர்த்துவதும், அதே வண்டி அக்குடும்பத்தைக் கடனில் ஆழ்த்துவதும், நாள்தோறும் காலையில் நாம் செலவிடும் பத்து நிமிடங்களைப் பொறுத்தன. யான் இன்று சொல்லவந்தது இஃது ஒன்றே.

மாட்டைக் காத்த மரபு

நம் பாட்டனார் காலத்தில் ஏர்மாடு காக்கப்பெற்ற முறையை இங்குள்ள முதியோர் நன்கறிவர். உழவு முடிந்து மாடு கொட்டில் சேர்ந்ததும், வீட்டுக்குடையவர் தாம் உண்ணுமுன் அதன் அருகே செல்வர். நுகத்தடி பட்ட கழுத்தில் புண் உண்டோ, குளம்பிடையே கல் செருகியதோ, லாடம் தளர்ந்ததோ என்று கையால் தடவிப் பார்ப்பர். தவிடும் பிண்ணாக்கும் அளவறிந்து வைப்பர். மாட்டைக் குளிப்பாட்டுதல் தம் பெருமைக்குக் குறைவென்று கருதிய உழவர் எவரும் இலர்.

இன்று நிலைமை யாது? மாடு இருந்த கொட்டிலில் டிராக்டர் நிற்கின்றது. உடையவரோ வெள்ளை வேட்டி கசங்காமல் பத்தடி தள்ளி நிற்கின்றார். "ஆயில் எல்லாம் பார்த்தாயா?" என்று ஓட்டுநரை ஒருமுறை கேட்பதோடு அவர் கடமை முடிந்துவிடுகின்றது. ஆயுத பூசை நாளில் வண்டியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி, மாலையும் சூட்டுகின்றோம். அது வேண்டற்பாலதே; கருவியைத் தெய்வமாகப் போற்றுதல் நம் நாட்டுப் பண்பாடு. ஆயினும் அன்று மாலை அணிந்து நிற்கும் வண்டிகளுள் சிலவற்றின் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு பிடி மண் உள்ளே இருக்கக் காண்பீர்கள். வெளியே மலரும் உள்ளே மண்ணுமாக வைத்துவிட்டுச் செய்யும் பூசை நிறைவான பூசையாகுமா? ஆண்டுக்கு ஒரு நாள் வணங்குதலோடு அமையாமல் எஞ்சிய நாட்களிலும் பேணுதலே அக்கருவிக்கு நாம் செய்யும் உண்மை வழிபாடு.

"மாடு வாயில்லா உயிராயினும் தன் நோயைக் காட்டும், பொறி எங்ஙனம் காட்டும்?" எனின், அதற்கும் ஒரு மொழி உண்டு. புகைக்குழாயைப் பாருங்கள். கரும்புகை மிகுமானால், போதிய காற்றின்றி டீசல் எரியாது வெளிப்படுகின்றது, அல்லது வண்டியின் வலிமைக்கு மேற்பட்ட சுமை ஏற்றப்பட்டுள்ளது என்று அறிக. நீலப்புகை வருமானால், எஞ்சினுக்குள் ஆயில் எரிகின்றது என்று அறிக. குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வெண்புகை வருதல் இயல்பு. எஞ்சின் சூடேறிய பின்னும் அது நில்லாதாயின், டீசல் எரியாமல் ஆவியாகின்றது, அல்லது நீர் உட்புகுந்தது என்று ஐயுறுக. இம்மொழியைக் கற்றுக்கொள்ளுதல் நன்னூல் கற்பதினும் எளிது.

பொறி வந்த வழி

இப்பொறியின் வரலாறு நெடியதன்று. அமெரிக்க நாட்டு அயோவா மாகாணத்தில் ஜான் பிரோலிக் என்பவர், முன்னும் பின்னும் செல்லவல்ல பெட்ரோல் இழுவை வண்டியொன்றை 1892-ஆம் ஆண்டில் அமைத்தார். ஜெர்மானியராகிய ருடால்ப் டீசல் தம் பெயர் தாங்கிய எஞ்சினை 1897-இல் செவ்வனே இயக்கிக் காட்டினார். அயர்லாந்து நாட்டிற் பிறந்த ஹாரி பெர்குசன் என்பார், கலப்பையை வண்டியோடு மூன்று முனைகளிற் பிணைத்து எண்ணெயழுத்தத்தால் ஏற்றி இறக்கும் அமைப்பினை வகுத்தார். இன்று நம் வண்டிகளின் பின்புறம் உள்ள லிப்டு அவர் காட்டிய நெறியில் அமைந்ததே.

நம் நாட்டிலோ, இன்றைய மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த புத்னி என்னும் ஊரில் டிராக்டர்ப் பயிற்சி நிலையம் 1955-ஆம் ஆண்டிலேயே தோன்றிற்று. சென்னையில் டாபே நிறுவனம் 1960-இல்தான் தோன்றியது. டிராக்டர்த் தொழிற்சாலைகள் நாட்டிற் பெருகுமுன்னரே, அதனை இயக்கவும் பேணவும் கற்பிக்கும் சாலை தோன்றியதை எண்ணிப் பாருங்கள். கற்றல் முதலாவது, வாங்குதல் அதன் பின்னது. நாம் இம்முறையைத் தலைகீழாக்கி, வாங்கிய பின்னும் கல்லாதிருக்கின்றோம்.

ஐந்து உணவுகள்

உயிர்க்கு உணவு போலப் பொறிக்கும் உணவுகள் உண்டு. அவை காற்று, எண்ணெய், நீர், டீசல், மின்சாரம் என ஐந்தாம். இவ்வைந்தும் தூயனவாகவும் அளவினவாகவும் இருத்தலே பேணுதலின் சாரம்.

முதலாவது காற்று. ஒரு லிட்டர் டீசல் முற்றும் எரிவதற்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று வேண்டும். மணிக்கு 4 லிட்டர் டீசல் செலவாகும் வண்டி, மணிதோறும் 40,000 லிட்டர் காற்றையேனும் உள்ளிழுக்கும். புழுதியுழவில் அக்காற்று எத்துணை மண்ணைச் சுமந்து வரும் என்று எண்ணுங்கள். மணல் துகள் எஞ்சினின் இரும்பினும் கடினமானது. அது ஆயிலோடு கலந்து, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது போலச் சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்துவிடும். ஆதலின் ஏர் பில்டரே டிராக்டரின் மூக்கும் காவலனும் ஆகும்.

ஏர் பில்டரில் இரு வகை உண்டு. ஆயில் ஊற்றிய கிண்ணம் உடையது ஒரு வகை. புழுதியில் வேலை செய்யும் நாட்களில் அக்கிண்ணத்தை நாள்தோறும் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு படிந்தும் ஆயில் குழம்பியும் இருந்தால் அதனைக் கொட்டி, டீசலாற் கழுவி, துடைத்து, புதிய ஆயிலைக் குறித்த கோடு வரையில் ஊற்றுக. கோட்டிற்குக் குறைந்தால் புழுதி தங்காது. கோட்டை மிஞ்சினால் எஞ்சின் அவ்வாயிலை உறிஞ்சிவிடும். மற்றொரு வகை தாளால் இயன்ற உலர்ந்த பில்டர். அதனைச் சிலர் டயரின்மேல் ஓங்கி அடித்துப் புழுதி போக்குகின்றனர். அங்ஙனம் செய்தால் தாள் கிழிந்து, காவலன் இருந்தும் இல்லாதவனாவான். உட்புறமிருந்து வெளிப்புறமாக மெல்லிய காற்றைச் செலுத்தியே அதனைத் தூய்மை செய்க. உள்ளே உள்ள சிறிய பாதுகாப்புப் பில்டரைக் கழுவுதலும் தட்டுதலும் கூடா. காலம் வந்தபோது புதியது மாற்றுக. பில்டரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு உண்டோ, இறுக்கும் வளையம் தளர்ந்ததோ என்றும் விரலால் தடவிப் பாருங்கள். வாயிலைக் காத்து மதிலில் துளை விடுவது காவல் ஆகாது.

எம் பக்கத்து ஊரில் ஒரு குடும்பத்தார் கடன்பெற்று வாங்கிய வண்டி, இரண்டாம் ஆண்டிலேயே நீலப்புகை கக்கத் தொடங்கிற்று. "ஆயில் குறைகின்றது, ஊற்றினால் போயிற்று" என்று ஊற்றிக்கொண்டே வந்தனர். நாற்று முற்றி நடவுக்குக் காத்திருந்த வாரத்தில் எஞ்சின் வலுவிழந்தது. பட்டறையிற் பிரித்தபோது சிலிண்டர் முற்றும் தேய்ந்திருந்தது. கிழிந்து போன காற்றுக் குழாய் ஒன்றே அதற்குக் காரணம். அக்குழாயின் விலை சில நூறு ரூபாய். எஞ்சின் வேலைக்கு ஆன செலவோ, அப்பருவத்தில் அவர்கள் கண்ட விளைவின் பெரும்பகுதியை விழுங்கியது. தம் வண்டி பட்டறையில் இருக்க, பிறர் வண்டியை வாடகைக்கு அமர்த்தி உழுதனர். வங்கித் தவணை மட்டும் தவறாமல் வந்து நின்றது.

இரண்டாவது எண்ணெய். எஞ்சின் ஆயில் உராய்வைத் தடுக்கும்; சூட்டைத் தாங்கிச் செல்லும்; அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்ளும். நாள்தோறும் காலையில், வண்டி சமநிலத்தில் நிற்க, எஞ்சினை இயக்குமுன் ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். இரு கோடுகளுக்கு இடையே ஆயில் நிற்றல் வேண்டும். டீசல் எஞ்சினில் ஆயில் கறுத்திருத்தல் குற்றமன்று. அது தன் கடமையைச் செய்கின்றது என்பதற்கு அடையாளம். பால் போல வெளுத்திருந்தால் நீர் கலந்ததென்று உணர்ந்து, வண்டியை இயக்காமல் மெக்கானிக்கை அழைக்க.

ஆயில் மாற்றும் காலத்தை மாதக்கணக்கால் மட்டும் அறியலாகாது. வண்டியில் ஹவர் மீட்டர் உள்ளது. அது உழைத்த மணியைக் காட்டும். புதிய வண்டிக்கு 50 மணி அளவில் முதல் மாற்றமும், பின்னர்ப் பல வண்டிகளில் 250 மணிக்கு ஒருமுறையும் மாற்றுதல் வழக்கம். உங்கள் வண்டியோடு தந்த கைப்புத்தகம் வேறு கணக்குச் சொன்னால், அதனையே கொள்க. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பழைய ஆயிலை வடித்தால் அழுக்கும் உடன் வெளியேறும். ஆயில் மாற்றும்போது ஆயில் பில்டரையும் மாற்றுக. புதுத் தண்ணீரைப் பழம்பானையில் ஊற்றி என்ன பயன்? கியர்ப்பெட்டி ஆயில், ஹைட்ராலிக் ஆயில், ஸ்டீரிங் ஆயில் ஆகியவற்றின் அளவையும் வாரத்திற்கு ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

வடித்த பழைய ஆயிலை வரப்பிலோ வாய்க்காலிலோ கொட்டுதல் பெருந்தவறு. அது நாம் உண்ணும் நீரையும் உழும் மண்ணையும் கெடுக்கும். டப்பாவிற் சேர்த்து, பழைய ஆயில் வாங்குவாரிடம் கொடுத்துவிடுக.

மூன்றாவது நீர். ரேடியேட்டரில் நீரின் அளவை எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையிலேயே பார்க்க. சூடேறிய எஞ்சினில் அதன் மூடியைத் திறத்தல் ஒருபோதும் கூடாது; உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருந்த கொதிநீர் முகத்தில் பாயும். சூடு மிகுந்த எஞ்சினில் தண்ணீரை வாரி ஊற்றுதலும் கூடாது. சூடேறிய இரும்பு திடீரெனக் குளிர்ந்தால் வெடிக்கும். நம் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றினால், வீட்டு வெந்நீர்ப் பானையில் படிவது போலவே ரேடியேட்டரிலும் உப்புப் படியும். மென்னீரும் கூலண்டும் கைப்புத்தகம் கூறும் அளவிற் கலந்து ஊற்றுக. கதிரடிக்கும் காலத்தில் தூசும் உமியும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளிடையே அடைந்துகொள்ளும். விசிறிப் பக்கமிருந்து வெளிப்புறமாக மெல்லிய காற்றோ நீரோ செலுத்தி அவற்றை நீக்குக. கம்பி கொண்டு குத்தித் தகடுகளை வளைத்துவிடாதீர். பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழவேண்டும்; மிகத் தளர்ந்தால் விசிறி வழுக்கும், மிக இறுகினால் பேரிங் தேயும்.

நான்காவது டீசல். டீசல் பம்பின் உட்பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை 1,000 கூறிட்டால் அவற்றுட் சில கூறே ஆகும். தலைமயிரின் பருமன்கூட அதனினும் பன்மடங்கு பெரிது. இத்துணை நுண்ணிய பொறிக்குள் ஒரு துளி நீரும் ஒரு துகள் மண்ணும் நஞ்சாகும். ஆதலின் டீசலை மூடிய தூய பாத்திரத்திற் கொணர்ந்து, வடிகட்டி ஊற்றுக. டாங்கியை நிரப்புதற்கு ஏற்ற காலம் மாலை. பாதி வெறுமையான டாங்கியில் இரவுக் குளிரால் காற்றின் ஈரம் நீர்த்துளியாகி டீசலிற் கலக்கும். நிரம்பிய டாங்கியில் அதற்கு இடமில்லை. டீசல் பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, தங்கிய நீரை அவ்வப்போது வடித்துவிடுக. நாசிலிலிருந்து பீறும் டீசலைக் கையால் தடுத்துப் பார்க்க வேண்டா. அதன் அழுத்தம் தோலைத் துளைத்து உட்செல்லவல்லது.

ஐந்தாவது மின்சாரம். பேட்டரியின் முனைகளிற் பூக்கும் வெள்ளைப் பூப்பினை வெந்நீராற் கழுவித் துடைத்து, வாசலின் தடவுக. பேட்டரித் தண்ணீர் தகடுகளுக்குமேல் ஒரு விரற்கடை நிற்கட்டும்; குழாய்நீரை ஊற்றற்க. அதிலிருந்து எழும் வாயு தீப்பற்றும் தன்மையது. ஆதலின் பீடியோ தீக்குச்சியோ அருகில் கொண்டு செல்லற்க. இணைப்பைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிற் கழற்றுக. பூட்டும்போது அதனை இறுதியிற் பூட்டுக.

நீராட்டும் முறை

இனிப் புறத்தூய்மை. நம் நாட்டு நன்செயில் டிராக்டர் படும் பாடு பெரிது. கேஜ் வீல் பூட்டிச் சேற்றுழவு செய்யும்போது, முன் அச்சு வரையில் சேற்றில் அமிழ்கின்றது. அச்சேறு காய்ந்தால் கல்லாகும். சக்கரத்தின் பேரிங்கிலும் பிரேக்கிலும் புகுந்து அரிக்கும். ஆதலின் சேற்றுழவு முடிந்த மாலையே, சேறு ஈரமாக இருக்கும்போதே கழுவிவிடுதல் நன்று.

கழுவுவதற்கும் முறை உண்டு. எஞ்சின் ஆறும் வரை பொறுத்திருக்க. காற்று புகும் வாயையும் புகைக்குழாயையும் மூடுக. டைனமோ, ஸ்டார்ட்டர், பேட்டரி ஆகியவற்றின்மீது நீர் பீய்ச்சாதிருக்க. வாட்டர் சர்வீஸ் குழாயின் கடும் வேகத்தை ஆயில் சீல்களின்மீதும் ரேடியேட்டர்த் தகடுகளின்மீதும் நேரே செலுத்தற்க. அழுக்கைப் போக்க வந்த நீரே அழுக்கை உள்ளே தள்ளிவிடும். சேற்றுழவிற்கு முன் கிளச்சு அறையின் அடித்துளையை அடைத்திருந்தால், வேலை முடிந்ததும் அவ்வடைப்பைக் கழற்றி உட்புகுந்த நீரை வடிக்க மறவற்க. சிலர் வண்டியைக் குளத்திற்குள்ளேயே இறக்கிக் கழுவுகின்றனர். மாடு குளித்த குளத்தில் மாசு குறைவு. டிராக்டர் குளித்த குளத்திலோ எண்ணெய் மிதக்கும். ஊரார் புழங்கும் நீரை அங்ஙனம் கெடுத்தல் அறமாகாது.

கழுவியபின் கிரீஸ் அடித்தல் இன்றியமையாதது. முதலில் நிப்பிளைத் துணியால் துடைக்க. துடையாமல் அடித்தால் அதன்மேலுள்ள மண்ணையும் சேர்த்து உள்ளே ஊட்டியவர் ஆவோம். உள்ளிருந்த பழைய கிரீசும் சேற்றுநீரும் வெளிப்பட்டுப் புதிய கிரீஸ் தலைகாட்டும் வரை அடிக்க. சேற்றுழவு நாட்களில் முன் அச்சிற்கு நாள்தோறும் இது வேண்டும்.

ரோட்டவேட்டரையும் மறவற்க. வயலிற் கிடக்கும் பிளாஸ்டிக் கயிறும் வைக்கோலும் அதன் தண்டின் இருமுனைகளிலும் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்துவிடும். பின்னர்ச் சேறு பேரிங்கிற் புகும். உழவு முடிந்ததும் அவற்றை வெட்டி எடுத்து, கத்திகளின் நட்டுகளை இறுக்குக. உரமும் சாணமும் ஏற்றிய டிரெய்லரையும் அன்றே கழுவுக. அவற்றின் உப்பு இரும்பைத் தின்னும்.

உயிர் முதல்

இவையெல்லாம் பொருட்காப்பு. இனிச் சொல்வது உயிர்க்காப்பு. எஞ்சின் ஓடும்போது எதனையும் துடைத்தலும் கிரீஸ் அடித்தலும் கூடா. பி.டி.ஓ. தண்டு நிமிடத்திற்கு 540 முறை, அதாவது ஒரு நொடிக்கு 9 முறை சுழல்வது. தோளில் தொங்கும் துண்டின் நுனியோ, வேட்டியின் தலைப்போ, சேலையின் முந்தானையோ, அவிழ்ந்த கூந்தலோ அதிற் சிக்கினால், "ஐயோ" என்று சொல்லி முடிக்குமுன் ஆளையே இழுத்துக்கொள்ளும். அத்தண்டின் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவோர் பலர். சில நூறு ரூபாய் மூடியினும் மலிவானதோ மனித உயிர்?

தூக்கிய கலப்பையின் கீழே நுழைந்து வேலை செய்யற்க. தரையில் இறக்கியபின்னரே அணுகுக. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடற்க. அதன் புகையில் மணமும் நிறமும் இல்லாத நச்சுவாயு உண்டு. டிராக்டரில் இடப்பக்கப் பிரேக்கும் வலப்பக்கப் பிரேக்கும் தனித்தனி மிதிகளால் இயங்குவன. வயலில் திரும்புதற்கு அது நன்மை. சாலையில் அதுவே எமன். வேகமாகச் செல்லும்போது ஒரு பக்கம் மட்டும் மிதிபட்டால் வண்டி புரளும். ஆதலின் சாலை ஏறுமுன் இரு மிதிகளையும் இணைக்கும் கொக்கியை மாட்டுக. சேற்றில் நனைந்த பிரேக்கு உடனே பிடியாது. மெல்லச் சென்று, பலமுறை மிதித்து உலர்த்திய பின்னரே வேகம் கொள்க.

யார் செய்வது?

இத்துணையும் கேட்டபின், "இவற்றையெல்லாம் யார் செய்வது?" என்னும் வினா எழும். உடையவன் பாராத பயிர் உருப்படாது என்பது நாட்டு வழக்கு. உடையவன் பாராத வண்டியும் அத்தகையதே. ஓட்டுநர் தம் கடமையைச் செய்வார். ஆனால் காலை முதல் இரவு வரை பருவ நெருக்கடியில் ஏக்கர்க் கணக்குக் கேட்டு அவரை விரட்டிவிட்டு, பில்டரைத் துடைக்க அவருக்கு அரைமணி கொடாதவர் யார்? நாமே அன்றோ? துடைக்கும் நேரமும் உழைக்கும் நேரமே. அதற்கும் கூலி உண்டு என்று சொல்லிப் பாருங்கள், வண்டி வாழும். வண்டியின் நலம் அறிந்த ஓட்டுநரை மரியாதையோடு நடத்துங்கள். அவர் சொல்லும் குறையை அன்றே கேளுங்கள். அவர் கிரீஸ் கன்னைப் பிடிக்கும்போது நீங்கள் துணியைப் பிடியுங்கள். கையில் மசி படுதல் இழிவன்று. சேற்றிற் கால் வைத்துப் பிழைத்த மரபினர்க்கு அது புதிதும் அன்று. நாம் பெற்ற செல்வமெல்லாம் அழுக்குப் பட்ட கைகள் தேடித் தந்தவை.

கொட்டகையில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். ஹவர் மீட்டர் காட்டும் மணி, ஊற்றிய டீசல், ஆயில் மாற்றிய நாள், மாற்றிய பில்டர், கண்ட குறை ஆகிய ஐந்தையும் அதில் எழுதுக. வீட்டுக் கணக்கைச் செவ்வனே எழுதும் தாய்மார்கள் இக்கணக்கையும் மேற்பார்ப்பார்களாயின், அது தவறாமல் நடைபெறும். வண்டியை விற்க நேர்ந்தாலும் அந்நோட்டே அதன் விலையை உயர்த்தும். பள்ளியிற் படிக்கும் நம் பிள்ளைகள், ஆணாயினும் பெண்ணாயினும், காலையில் ஆயில் கம்பியை உருவிப் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும். அதனாற் படிப்புக் கெடாது, படித்தது பயன்படும்.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். சேற்றுழவு தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், நம் சங்கக் கட்டடத்தின் முன்னுள்ள வெளியில், உறுப்பினர்தம் டிராக்டர்களை நிறுத்தி, நல்ல மெக்கானிக் ஒருவரை அழைத்து, இன்று யான் சொல்லாற் காட்டியவற்றைச் செயலாற் காட்டச் செய்தல் வேண்டும். உடையவரும் ஓட்டுநரும் ஒருங்கே அமர்ந்து அதனைக் கேட்டல் வேண்டும். ஓட்டுநர் எக்குலத்தவராயினும், அன்று அவர் நம் விருந்தினர். அதற்கு ஆகும் செலவு, ஓர் எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவில் நூற்றில் ஒரு பங்கும் ஆகாது.

நாளைக் காலை வண்டியை இயக்குமுன் ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள்.